கிளையைப் பிடித்த உடல்: பச்சை மர மலைப்பாம்பு பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழின் அட்டையில், கிளைமேல் மடிந்து கிடந்த பச்சை மர மலைப்பாம்பின் படம் வந்தது. அதைப் பார்த்து வந்த கேள்விகளில், பாம்பின் உடலமைப்பைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

"இதே படத்தைப் போட்டு 'குற்றாலத்தில் பிடிபட்ட அபூர்வ பாம்பு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நம் மலைகளில் இது உண்டா?" – வாசகர், தென்காசி

கிடையாது. இந்தப் பாம்பின் ஊர் நியூகினித் தீவு, அதை ஒட்டிய அரு, பியாக் போன்ற சிறு தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனையான கேப் யார்க் தீபகற்பத்தின் மழைக்காடு ஆகியவைதான். 1872-ல் விலங்கியலாளர் ஷ்லேகல் இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியது அரு தீவுப் பாம்பைப் பார்த்து. இன்றைய பெயர் மொரீலியா விரிடிஸ். நியூகினியின் நடுவே ஓடும் உயர்ந்த மலைத்தொடர் வடக்கு, தெற்குப் பாம்புகளை நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதனால் 2020-ல் வடபகுதிப் பாம்புகளை மொரீலியா அசூரியா என்று தனி இனமாகப் பிரித்தார்கள்.

குற்றாலத்திலோ வால்பாறையிலோ பச்சையாக ஒரு பாம்பு செடியில் கிடந்தால், அது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விரல் தடிமனில் நீண்டு, மூக்கு கூராக, கண்மணி படுக்கைவாக்கில் கீறல்போல இருந்தால் பச்சைப் பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று பயமுறுத்துவார்கள். மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லாத பாம்பு அது. உடல் குட்டையாகத் தடித்து, கழுத்து ஒடுங்கி, தலை முக்கோணமாக இருந்தால் குழிவிரியன். அதற்கு நஞ்சு உண்டு. 'மலைப்பாம்புக் குட்டி' என்று நினைத்துக் குழிவிரியனைக் கையால் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பொய்ப் படத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறோம். நான்கு மீட்டர் தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாகக் குழி தெரிந்தால் குழிவிரியன். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழையுங்கள்.

"தூங்கும்போதுகூட விழாமல் எப்படிக் கிடக்கிறது? பசை ஏதாவது சுரக்கிறதா?" – வாசகி, கோவை

பசை கிடையாது. எடையைப் பங்கிட்டு வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அட்டைப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். உடல் கிளையைக் கொடிபோலச் சுற்றியிருக்காது. இடப்பக்கம் ஒரு மடிப்பு, வலப்பக்கம் ஒரு மடிப்பு என்று சேணம் போட்டது போலக் கிளையின் இரு பக்கமும் தொங்கும். தலையை நடு மடிப்பின் மேல் வைத்திருக்கும். இருபுறமும் எடை சமம் என்பதால் உடல் உருண்டு விழாது. கழுதையின் முதுகில் பொதியை இருபக்கமும் சமமாகத் தொங்கவிடுவார்களே, அதே கணக்கு. தசையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை குறைவு. அதனால் பகல் முழுக்க அசையாமல் கிடக்க முடிகிறது.

இறுக்கிப் பிடிக்கும் வேலை வாலுக்கு. மொத்த நீளத்தில் வால் ஏறத்தாழ 14 சதவீதம், அதாவது ஏழில் ஒரு பங்கு. ஆறடிப் பாம்புக்கு வால் பத்து அங்குலம் சொச்சம். அது கிளையில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். இருட்டத் தொடங்கியதும் பாம்பு முன்பக்க மடிப்புகளை அவிழ்த்து, கழுத்தை 'எஸ்' வடிவில் வளைத்து, தலையைத் தரைநோக்கித் தொங்கவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும். கீழே எலி வந்தால் முன்னுடல் பாயும், பின்னுடலும் வாலும் நங்கூரமாக நிற்கும். இரையை நெரிப்பது, விழுங்குவது எல்லாமே தலைகீழாகத் தொங்கியபடிதான்.

மூன்றாவது, உடலின் குறுக்குவெட்டு. தரையில் வாழும் மலைப்பாம்பு உருளை. வயிற்றுப்பக்கம் சற்றுத் தட்டை. மர மலைப்பாம்பின் உடல் பக்கவாட்டில் ஒடுங்கி, மேல்கீழாக உயரமாக இருக்கும். முதுகெலும்பு வரப்புபோலத் துருத்தித் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் 'பட்டினி கிடந்த பாம்பு' என்று நினைப்பார்கள். அது பட்டினியால் வந்த மெலிவு இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஓடு வேயும் தச்சரைக் கேட்டால் காரணம் சொல்வார்: மரச்சட்டத்தைப் படுக்கையாக வைத்தால் நடுவில் தொய்யும், அதே சட்டத்தை நிறுத்தி வைத்தால் பாரம் தாங்கும். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு உடலை அந்தரத்தில் நீட்டும்போது, தொய்யாமல் நிற்க இந்த உயரம் உதவுகிறது.

நம் கொம்பேறி மூக்கனோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் புரியும். கொம்பேறி மூக்கனின் வயிற்றுச் செதில்கள் இரு ஓரத்திலும் மடிந்து விளிம்பு கட்டியிருக்கும்; பட்டையின் சொரசொரப்பில் அந்த விளிம்பைப் பதித்து விறுவிறுவென்று ஏறிவிடும். மலைப்பாம்புக்கு அந்த விளிம்பு கிடையாது. பின்னுடலால் கிளையைப் பிடித்து, முன்னுடலை நீட்டி, அங்கே பிடித்து, பின்னுடலை இழுத்துக்கொள்வதுதான் அதன் நடை. மெதுவான நடை, ஆனால் பிடி பலமானது. மரமேறும் பாம்புகளின் பிடியை அளந்த ஆய்வு ஒன்றில், விழாமல் இருக்கத் தேவையானதைப்போல மூன்று மடங்கு வரை விசை கொடுத்துப் பிடிப்பது தெரிந்தது. சக்தி வீணானாலும் விழுவதைவிட அது மேல்.

"மலைப்பாம்பு என்றால் இருபது அடி என்பார்கள். இது ஏன் இவ்வளவு சின்னது?" – மாணவர், திருச்சி

சராசரி நீளம் 150 முதல் 180 செ.மீ.; பெரிய பெண் பாம்பு 2 மீட்டரைத் தொடும். ஆண் 1,100 முதல் 1,400 கிராம், பெண் 1,600 கிராம் வரை. காட்டில் இருப்பவை இதைவிட இளைத்தவை. இந்த எடைக்குக் கட்டைவிரல் தடிமனான கிளை போதும்.

நீளம் மரமேறுவதற்குத் தடையில்லை, கனம்தான் தடை. குயின்ஸ்லாந்தின் புதர் மலைப்பாம்பு ஆஸ்திரேலியாவிலேயே நீளமான பாம்பு, 5 மீட்டரைத் தாண்டும்; ஆனாலும் உடல் ஒல்லி, நன்றாக மரமேறும். நம் நாட்டு மலைப்பாம்பும் குட்டியாக இருக்கும்போது மரத்தில் நிறைய நேரம் கழிக்கும். உடல் பெருத்த பிறகு தரையும் தண்ணீர்க்கரையுமே அதற்கு வசதி.

"உதட்டில் வரிசையாக ஓட்டைகள் தெரிகின்றன. அவை என்ன?" – வாசகர், மதுரை

வெப்பக்குழிகள். மேலுதட்டில் மூக்கு நுனியை ஒட்டிய செதில்களிலும், கீழுதட்டில் பின்பக்கச் செதில்களிலும் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. முகத்துக்கான முப்பிரிவு நரம்பு வழியாக அந்தச் செய்தி மூளைக்குப் போய், கண் பார்ப்பதோடு சேர்கிறது. வெப்பத்தை உணரும் புரதத்தை 2010-ல் அடையாளம் கண்டார்கள். டிஆர்பிஏ1 என்று பெயர். நம் உடலிலும் அதே குடும்பப் புரதம் உண்டு. கடுகு மூக்கில் ஏறும்போது சுரீர் என்பது அதன் வழியாகத்தான். குழிவிரியனின் குழியோடு பார்த்தால் மலைப்பாம்பின் குழிக்கு உணர்திறன் குறைவு. ஆனாலும் இருட்டில், அருகே வரும் எலியின் உடல்சூட்டைக் கண்டுகொள்ள அது போதும்.

குழிகள் இரையைக் காட்டும், பற்கள் அதை நிறுத்தும். முன்பற்கள் உடல் அளவுக்கு மிக நீளமானவை, பின்னோக்கி வளைந்தவை. தரையில் இரை நழுவினால் துரத்தலாம், வாசனை பிடித்துப் போகலாம். கிளையில் நழுவினால் போனதுதான். நஞ்சு கிடையாது; கடித்தால் காயம் ஆழமாக இருக்கும், அவ்வளவே.

"குட்டி மஞ்சள், அல்லது செங்கல் சிவப்பு, வளர்ந்தால் பச்சை. சிலது நீலம்கூட. ஒரே பாம்புக்கு எத்தனை நிறம்?" – ஆசிரியை, நாகர்கோவில்

முட்டையிலிருந்து வரும்போது நீளம் சுமார் 30 செ.மீ., பென்சில் தடிமன். நிறம் எலுமிச்சை மஞ்சள் அல்லது செங்கல் சிவப்பு. நியூகினிப் பக்கம் ஒரே ஈட்டில் இரண்டு நிறமும் வரலாம். ஆஸ்திரேலியாவில் மஞ்சள் மட்டும்தான். கேப் யார்க்கின் அயர்ன் ரேஞ்ச் காட்டில் டேவிட் வில்சனும் உடனிருந்தவர்களும் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நிறம் மாறும் நீளத்தை அளந்து சொன்னது: 58.5 செ.மீ. அப்போது பாம்புக்கு ஏறத்தாழ ஒரு வயது.

ஏன் அந்த நீளத்தில்? அதுவரை அது காட்டின் ஓரங்களிலும், மரம் விழுந்து வெயில் இறங்கும் இடைவெளிகளிலும், தரைக்கு அருகே பல்லி, அரணை, பூச்சி தின்று வாழ்கிறது. அங்கே வெயிலும் சருகும் கலந்த பின்னணியில் மஞ்சளும் சிவப்பும் மறைகின்றன. 58 செ.மீ. தாண்டும்போது வாய் எலியை விழுங்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. பாம்பு காட்டின் உள்ளே, இலை அடர்ந்த மேல்பகுதிக்கு நகர்கிறது. அங்கே மறைக்கும் நிறம் பச்சை. வேட்டையாடும் இடம் மாறும் நேரமும் நிறம் மாறும் நேரமும் ஒன்றாக அமைந்திருப்பது இந்தப் பாம்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பலர் நினைப்பது போல ஒரு சட்டை உரித்ததும் பச்சையாகிவிடாது. செதில் செதிலாக, மஞ்சளுக்கு நடுவே பச்சைப் பொட்டுகள் தோன்றிப் பரவும். சிலவற்றில் சில நாளில் முடியும், சிலவற்றில் மாதக்கணக்கில் இழுக்கும். இன்னொன்றும் கவனிக்கலாம்: குட்டியின் வால்நுனி மட்டும் வேறு நிறமாக இருக்கும். அதைப் புழுபோல நெளித்து ஆட்டினால் பல்லி கிட்டே வரும். பச்சை நிறம் வந்த பிறகும் பல பாம்புகளுக்கு வால்நுனி கருநீலமாகத் தங்கிவிடுகிறது.

நீலத்துக்கு வருவோம். இதன் தோலில் பச்சை நிறமி என்று ஒன்று கிடையாது. மேலடுக்கில் மஞ்சள் நிறமிச் செல்கள். அதன் அடியில், ஒளியைச் சிதறடித்து நீலமாகத் திருப்பியனுப்பும் நுண்படிகங்கள் கொண்ட செல்கள். எல்லாவற்றுக்கும் கீழே கறுப்பு அடுக்கு. நீலம் மஞ்சளைக் கடந்து வரும்போது நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சள் குறைந்தால் பாம்பு நீலம். முட்டை சுமக்கும் காலத்தில் சில பெண் பாம்புகள் நீலம் பாய்வதும், அருங்காட்சியகச் சாராயப் புட்டியில் பச்சைப் பாம்பு நாளடைவில் நீலமாவதும் இதனால்தான். சாராயத்தில் மஞ்சள் கரைந்துவிடும், படிகம் கரையாது. ஆகவே பாம்பை நிறத்தை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். தலைச் செதில், குழி, கண்மணி, உடல்வாகு இவற்றைப் பாருங்கள்.

"அமேசான் காட்டிலும் இதே பாம்பு இருக்கிறதே?" – வாசகர், சேலம்

அது மரகத மர போவா, மலைப்பாம்பே இல்லை. பச்சை உடல், வெள்ளைக் குறி, கிளைமேல் மடிந்து கிடக்கும் விதம், குட்டிகளின் சிவப்பு நிறம் எல்லாம் அப்படியே பொருந்தும். ஆனால் இரண்டும் நெருங்கிய உறவில்லை. ஒரே மாதிரி வாழ்க்கை இரண்டையும் ஒரே மாதிரி வடித்துவிட்டது. பிரித்துச் சொல்லத் தலையைப் பாருங்கள். மலைப்பாம்பின் தலை முழுக்கக் கடுகு போன்ற பொடிச் செதில்கள். வெப்பக்குழி உதட்டுச் செதிலின் உள்ளேயே குடைந்திருக்கும். போவாவுக்கு மூக்குப் பக்கம் பெரிய செதில்கள். குழி இரண்டு செதில்களுக்கு இடையே இருக்கும்.  மலைப்பாம்பு முட்டையிட்டு, அதைச் சுற்றிப் படுத்து, தசையைத் துடிக்க வைத்துச் சூடேற்றி ஏறத்தாழ ஐம்பது நாள் அடைகாக்கும். போவா குட்டி போடும்.

"தலைகீழாகத் தொங்கினால் ரத்தம் தலைக்கு ஏறாதா?" – மாணவி, புதுச்சேரி

பாம்புக்கு அதைவிடப் பெரிய சிக்கல், தலையை மேலே வைத்து ஏறும்போது ரத்தம் வால்பக்கம் தேங்குவது. மரமேறும் பாம்புகளில் பொதுவாக இதயம் தலைக்கு அருகில் இருக்கும். மூளைக்கு ரத்தத்தை உயர்த்தும் தூரம் குறையும். உடல் ஒல்லி, தோல் இறுக்கம். அதனால் கீழ்ப்பக்க நாளங்கள் உப்ப இடமில்லை. கால் வீங்குபவர்களுக்கு மருத்துவர் இறுக்கமான காலுறை போடச் சொல்வது போலத்தான். கடற்பாம்புக்குத் தண்ணீரே வெளியிலிருந்து அழுத்துவதால், அதன் இதயம் நடு உடலுக்குத் தள்ளியே இருக்கிறது.

"ஆசனவாய் அருகே இரண்டு முள் இருக்கிறதாமே?" – வாசகர், ஈரோடு

பின்னங்காலின் மிச்சம். எல்லா மலைப்பாம்புக்கும் உண்டு. ஆணுக்குப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். இணை சேரும்போது பெண்ணை வருடப் பயன்படுத்தும்.

"சென்னையில் வாங்கி வளர்க்கலாமா?" – வாசகர், சென்னை

வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. இது, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியல் உயிரினம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இறக்குமதி ஆவணமில்லாத பாம்பு கடத்தல் பாம்பாக இருக்கக்கூடும். 'பண்ணையில் பிறந்தது' என்ற சான்றிதழையும் அப்படியே நம்பிவிட முடியாது. இந்தோனேசியாவில் லயன்ஸ், நட்டுஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விசாரித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பண்ணைப் பிறப்பு என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று தெரிந்தது.

"உரிமம் பெற்று ஒன்றரை வயதுப் பாம்பு ஒன்றை வளர்க்கிறேன். கூண்டில் எதைக் கவனிக்க வேண்டும்?" – வாசகி, பிரிஸ்பேன்

முதலில் கிளை. பாம்பின் உடலில் தடித்த இடம் எவ்வளவோ, அந்தத் தடிமனில் ஒன்று, சற்றுக் குறைவாக ஒன்று. இரண்டும் படுக்கைவாக்கில், இருமுனையும் ஆடாமல் மாட்டப்பட்டு இருக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். ஒரு கிளை சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். சூட்டைத் தரையில் அளக்காதீர்கள், பாம்பு கிடக்கும் கிளையில் அளங்கள்: சூடான கிளை 30–31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த கிளை 24–26. மேலிருந்து சூடு வருவதால் விளக்குக்குக் கம்பிவலை போடுங்கள். இல்லாவிட்டால் அதிலேயே சுற்றிக்கொண்டு வெந்துபோகும்.

மாலையில் தண்ணீர் தெளியுங்கள். மழைநீர் மடிப்புகளில் தேங்க, அதை உறிஞ்சிக் குடிப்பது இந்தப் பாம்பின் பழக்கம். ஆனால் மறுநாள் நண்பகலுக்குள் கூண்டு காய்ந்துவிட வேண்டும். எந்நேரமும் ஈரமாக வைத்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளமும் நுரையீரல் தொற்றும் வரும். வாயைத் திறந்து மூச்சு விடுவதும், வாயோரம் எச்சில் குமிழியிடுவதும் அதற்கு அடையாளம். மூச்சு உறுப்புகளைப் பாதிக்கும் நிடோவைரஸ் இந்த இனத்தைக் கடுமையாகத் தாக்குவதால், புதிதாக வந்த பாம்பை மற்றவற்றிடமிருந்து பிரித்து வைத்து, பரிசோதனை செய்த பிறகே சேருங்கள்.

உணவில் கை நீளக் கூடாது. நாள் முழுக்க அசையாமல் கிடக்கும் உடல் இது, தின்றதைச் செலவழிக்காது. நன்கு வளர்ந்த பாம்புக்கு, அதன் தடித்த இடத்தைவிடப் பருக்காத எலி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். உங்கள் பாம்பு இன்னும் வளர்கிற பருவம் என்பதால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒன்று தரலாம். அளவு மீறினால், தண்ணீரும் குறைந்தால், மலம் இறுகிக் குடல் வெளியே பிதுங்கும். அப்படிச் சிவப்பாக எதுவும் தெரிந்தால் சலைனில் நனைத்த துணியால் மூடி, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

கிளையிலிருந்து இழுத்து எடுக்காதீர்கள். நீங்கள் இழுக்க இழுக்க அது வாலால் இன்னும் இறுக்கும். இளம் பாம்பின் வால் எலும்பு மடங்கி, வாழ்நாள் முழுக்கக் கோணலாக நின்றுவிடும். இந்த வயதில் கிளையோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். பெரிய பாம்பானால் பகலில், முதலில் வாலை மெல்ல அவிழ்த்து, பிறகு மடிப்புகளைக் கீழிருந்து தாங்கி உருட்டுங்கள். இரவில் கை நீட்டினால், உங்கள் விரலின் சூடு அதற்கு எலியின் சூடுதான்.

சட்டை உரித்ததும் அதைக் குப்பையில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கண்களை மூடியிருந்த வட்டச் செதில்கள் இரண்டும் அதில் இருக்க வேண்டும். வால்நுனி வரை முழுசாக வந்திருக்க வேண்டும். நுனியில் பழைய தோல் மோதிரம்போல மாட்டிக்கொண்டால், அடுத்தடுத்த உரிப்பில் அது இறுகி, ரத்தம் போகாமல் வால்நுனி கறுத்து உதிர்ந்துவிடும். அப்படி மிச்சம் தெரிந்தால் பாம்பை வெதுவெதுப்பான ஈரத்துணிக்குள் அரைமணி நேரம் ஊர்ந்து திரியவிடுங்கள். பெரும்பாலும் தானே கழன்றுவிடும். கண்ணில் ஒட்டியதை மட்டும் நகத்தால் கிள்ளாமல் மருத்துவரிடம் விடுங்கள்.